வடக்குச் சுவர்

கும்பாபிஷேகத்துக்கு முன்னால்
மருதம்பேரி சிவன் கோவில் வடக்குச் சுவரில்
மணல் பீய்ச்சினார்கள்.
மூன்று நாள் கம்ப்ரசர் உறுமியது.
பிராகாரம் மாவு மில் போல வெளுத்துக் கிடந்தது.
நாலாம் நாள் தடவிப் பார்த்தோம்,
எங்கே தொட்டாலும் ஒரே சொரசொரப்பு.
"வெட்டி எடுத்த அன்னைக்கு மாதிரில்லா இருக்கு"
என்று சொன்னவள் நான்தான்.
உபயதாரர் பலகையில் என் பேரும் உண்டு,
பா. செண்பகவடிவு, ரூ. 501.

சுவரில் எழுத்து இருந்தது எல்லாருக்கும் தெரியும்.
என்ன எழுத்து என்பதில்தான் தெருவுக்கொரு அபிப்பிராயம்.
ராத்திரியோடு ராத்திரியாகக் கோவில் கட்டிய பூதங்களின்
கூலிக் கணக்கு என்றார்கள் கீழத்தெருவில்.
ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கத்துக்கு
வழி சொல்கிறது என்றார்கள் மேலத்தெருவில்.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வேறு சாஸ்திரம்:
கடைசி எழுத்தின் சுழியைத் தொட்டால் பரீட்சையில் பாஸ்.
நான் தினமும் தொட்டேன். கணக்கில் முப்பத்தெட்டு.

பாளையங்கோட்டையிலிருந்து ஜெபக்கனி டீச்சர் வந்தபோது
எட்டு மாதம் ஆகியிருந்தது.
கழற்றிய செருப்பை மாட்ட மறந்து
வெயில் கல்லில் வெறுங்காலோடு நின்றார்.
யாரோ எப்போதோ படியெடுத்ததாக
ஒரு பழைய அறிக்கையில் ஒரு வரி இருக்கிறதாம்.
படியைக் காணோமாம்.
பிறகு கேட்டார்:
"இங்க வச்சு யாருக்காச்சும் கல்யாணம் நடந்திருக்கா?"

வெயில் முகத்தில் அடிக்காத சுவர் என்று
ரூபா ஸ்டுடியோக்காரர்
எல்லா ஜோடியையும் அங்கேதான் நிறுத்துவார்.
பதினேழு ஆல்பம் வந்தது.
டீச்சர் பட்டைப் பார்க்கவில்லை, நகையைப் பார்க்கவில்லை.
லென்சை வைத்துக் காதோரம் பார்த்தார்,
கக்கத்து இடுக்கில் பார்த்தார்.
முப்பிடாதி சடைக்குப் பக்கத்தில் 'சாவா'.
கோமு புருஷன் முழங்கைக்குள் 'மூவா'.
மாலைக்கும் மாலைக்கும் நடுவில் 'பேராடு'.

சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு.
அணையா விளக்குக்கு நெய்.
"ஒண்ணு செத்தா அந்த எடத்துல ஒரு குட்டி.
எண்ணிக்கை குறையாது" என்றார்.
ஆடு மேய்க்கிற சங்கிலிபூதம் மட்டும் கேட்டான்:
"தொண்ணூத்தாறுக்கும் கிடை எங்கன போட்டாவ?"

கொடுத்தவன் பேர் முதல் வரியின் தொடக்கத்தில்.
பதினேழு படத்திலும் அங்கே
மாப்பிள்ளையின் தலை.

பதினெட்டாவது என்னுடையது.
பிரமநாயகம் என் காதுக்குத்தான் வருவான்,
ஊரே சிரித்த உயரம்.
அவன் தலைக்கு மேலே சுவர் முழுசாகத் தெரிந்திருக்கும்.
தையல் கத்தரிக்கோலால் அவனை வெட்டி
வெந்நீர் அடுப்பில் போட்டது
பதினோரு வருஷம் முன்னால், ஒரு ஆடிச் செவ்வாய்.
மிச்சத்தை நீட்டினேன்.
டீச்சர் கத்தரித்த விளிம்பையே பார்த்தார்.
யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

நம்பர் மனப்பாடமாக இருந்தது.
எனக்கே கூச்சமாக இருந்தது அது.
"என்ன?" என்றான் வள்ளியூரிலிருந்து.
ஆடு, விளக்கு, மணல், எல்லாம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பஸ் சத்தம்.
"பரண்ல கெடக்கும். நான் எதையும் வெட்டல."

மறுநாள் போனில் வந்தது.
அவன் தலைக்கு மேலே ஃபிளாஷ் பட்டு
ஒரு வெள்ளைப் பொட்டல்.
அதற்கு அப்புறம் '…ங் காடன்'.
டீச்சர் நோட்டில் மூன்று புள்ளி வைத்தார்.
பிறகு காடன் என்று எழுதினார்.
பேனாவை மூடாமல்
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்,
வெள்ளை இன்னும் பெரிய வெள்ளை ஆனது.

நானும் வாங்கிப் பார்த்தேன்.
அவனோடு சேர்த்து நான் வெட்டி எறிந்த
என் வலது கை,
முதுகுக்குப் பின்னால் சுவரில்,
அந்தக் கடைசிச் சுழியின் மேல்.